வண்டிக்கு வெச்ச ஸ்டெதாஸ்கோப்

பையை இப்புடிக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். நீங்களே ஜன்னலோரம் உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. தாராபுரந்தானுங்களே? நானும் தாராபுரந்தான். ஊதியூர் தாண்டுனா கூட்டம் கொறைஞ்சிரும், அப்பறம் காலை நீட்டி உக்காந்துக்கலாம்.

பாத்தீங்களா, பாத்தீங்களா! எப்புடிப் பிரேக்க மிதிக்கறான் பாருங்க. முன்னால ஒரு ஆடுகூட இல்லை. இந்த ஒரு மிதிக்கே ரெண்டு மார்க்கு போயிருக்கும்.

என்ன மார்க்குன்னா கேக்கறீங்க? சொல்றேனுங்க. சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிக்கறதுக்கு அதுல ஒண்ணுமில்லை, ஆனா எல்லாரும் சிரிக்கறாங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. காங்கயத்துல தேங்காய் காயப்போடற கொப்பரைக் களம் வெச்சிருக்கறேன். சொந்தமாக் கார் இருக்குதுங்க. காரை வெச்சுக்கிட்டு இவன் எதுக்குப் பஸ்ல வர்றான்னு நெனைக்காதீங்க, அதைச் சொல்லத்தான் வர்றேன். பதினாறு வயசுல டிராக்டர் ஓட்டுனவனுங்க நான். அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு கேசு கெடையாது. வண்டில நாலு பக்கமும் கீறல் இருக்கும், இல்லைங்கல. அதெல்லாம் மத்தவனுக வந்து ஒரசுனது. பின்னால பம்பரு நசுங்குனது நம்ம களத்துத் தூணுல. அந்தத் தூணை நட்ட கொத்தனாரு ரெண்டடி தள்ளி நட்டிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது.

போன வருசம் ஒரு நாள் தபால்ல ஒரு கவரு வந்துச்சுங்க. பிரிச்சுப் பாத்தா லைசென்சு. படத்துல என்ற சம்சாரம். பூங்கொடி. எனக்கு ஒண்ணுமே ஓடல. நான் களத்துக்குப் போனதுக்கப்பறம், டிரைவிங் ஸ்கூல்ல ஒரு லேடீசு சொல்லித் தர்றாங்களாமா, அவங்ககிட்டப் போயிக் கத்துட்டு வந்திருக்கா. மூணு மாசம். என்கிட்ட மூச்சுவிடல. நான் ஓட்டறவன், ஊட்டுலயே இருக்கறேன், என்கிட்டக் கேட்டா நான் சொல்லித் தர மாட்டனா?

"எதுக்குடி இது? ஊட்டுக்கு ஒரு லைசென்சு பத்தாதா?"ன்னு கேட்டேன்.

"உங்க பக்கத்துல உக்காந்து வந்து வந்து காலு வலிக்குதுங்க"ங்கறா.

உக்காந்து வந்தா எப்புடிங்க காலு வலிக்கும்? நின்னுட்டா வந்தா? பொம்பளைகளுக்குக் காரணம் சொல்லத் தெரியாதுங்க, வாயில வந்ததைச் சொல்லுவாங்க. நானும் விட்டுட்டேன்.

ஆனா விட்டதுங்க, வண்டியக் குடுத்ததுன்னு ஆயிருச்சு. சிவன்மலைக்குப் போறா. வெள்ளகோயில்ல அவங்கம்மா ஊட்டுக்குப் போறா. நான் அடுத்த நாள் ஏறி உக்காந்தா சீட்டு முன்னால தள்ளிக் கெடக்குது, கண்ணாடி திரும்பிக் கெடக்குது. என்ற வண்டிக்குள்ள நானே ஒறம்பறையா, விருந்தாளியா வந்தாப்பல இருக்குது. போவாதேன்னு சொல்ல முடியுமா? சொன்னா ஓரியாட்டம், சண்டைதான். நமக்கு அதெல்லாம் ஆகாது. கிளச்சு தேயுதோ, கியரு என்ன பாடுபடுதோன்னு மனசு மட்டும் கெடந்து அடிச்சுக்குது. எனக்கு வண்டியப் பத்தித்தான் கவலை. அவளை வேவு பாக்கணும்னெல்லாம் நான் நெனைக்கவே இல்லீங்க.

அப்பத்தான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழ, முழங்காலுக்கு மேல, ஒரு சாக்கெட் இருக்குதாமா. எல்லா வண்டிலயும் இருக்குமாமா. மெக்கானிக் அதுல கம்ப்யூட்டரைச் சொருகித்தான் வண்டிக்கு என்ன நோவுன்னு பாப்பானாமா. அந்த ஓட்டைல சொருகற மாதிரி ஒரு டப்பி விக்கறாங்க, தீப்பெட்டி அளவுதான். சொருகிட்டு போனோட சேத்துவிட்டா, வண்டி என்ன வேகம் போச்சு, இஞ்சின் எவ்வளவு சூடு, எங்க பிரேக் அடிச்சாங்க, எல்லாம் போன்ல வந்துரும். ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததுக்கும் நூத்துக்கு இத்தனைன்னு மார்க்கு வேற போடும்.

வாங்கிட்டேன். பூங்கொடிகிட்ட, "ஏம்புள்ள, இது வண்டிக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி. இஞ்சினோட உடம்பு எப்புடி இருக்குதுன்னு பாக்கறதுக்கு"ன்னு சொன்னேன்.

"உடம்பு பாக்கறது நல்லதுதானுங்களே"ன்னுட்டு அவ பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா.

சேத்துவிடறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்குதே! என்ற பழைய போனை அதுக்குன்னே ஒதுக்கிட்டேன். வண்டி டேஷ்போர்டு பொட்டிக்குள்ளயே கெடக்கட்டும், நான் இல்லாதப்பவும் கணக்கு எடுக்கட்டும்னு. போனு புளூடூத்தைத் தேடுது, தேடுது, தேடிட்டே இருக்குது. கடைசில "இணைந்தது"ன்னு வந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. எப்புடி மாட்டணும்னு சொல்ற வீடியோவ அதுலயே சத்தமா வெச்சேன். என்ற போன்ல சத்தமே காணோம். பாத்தா, பக்கத்து ஊட்டு வாத்தியார் ஸ்பீக்கருக்குள்ளிருந்து, "இப்போது உங்கள் கால்களுக்கு நடுவே குனிந்து பாருங்கள்"னு ஒரு ஆம்பளைக் கொரலு தெருவே கேக்கறாப்பல வருது. வாத்தியார் சம்சாரம் பூசை பண்ணிட்டு இருந்தவங்க, தட்டத்தைப் போட்டுட்டு வெளிய ஓடியாந்துட்டாங்க. இன்னைவரைக்கும் அவங்க என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லை.

எப்புடியோ அடுத்த நாள் சரியான டப்பியோட சேந்துருச்சு. பச்சை லைட்டு எரிஞ்சுது. தமிழ்ல பேசறாப்பல வெச்சுக்கிட்டேன். ஒரு பொம்பளைக் கொரலு. நல்ல சுத்தமான தமிழு. எந்தத் தப்புக்கும் கோவப்படாது, அதான் அதுகிட்டப் பிடிக்காத விசயம்.

ஒரு வாரம் ஒண்ணும் பேசாம விட்டுட்டேன். வண்டிய அவளும் எடுக்கறா, நானும் எடுக்கறேன். ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்ப போனை எடுத்துப் பாத்தேன். அடேயப்பா! தொண்ணூத்தி மூணு, தொண்ணூத்தி அஞ்சுன்னு கொஞ்சம் இருக்குது. நடுவால நாப்பத்தி ஒண்ணு, முப்பத்தி எட்டு, நாப்பதுன்னு கொஞ்சம் கெடக்குது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுமைங்க. பொய் சொல்லக் கூடாது. என்ற மக சிந்துஜாவும் பெங்களூர்ல இருந்து வந்திருந்தா. சாட்சிக்கு ஆளும் ஆச்சு.

மெல்லமா ஆரம்பிச்சேன். "பூங்கொடி, கோவிச்சுக்காதே. தெரியாம ஓட்டறது தப்பில்லை. செவ்வாக்கிழமை நீ வெள்ளகோயில் ரோட்டுல போனயா?"

"இல்லீங்களே."

"மறைக்காதே புள்ள. மெசினு சொல்லுது. நாப்பத்தி ஒண்ணு. பதினோரு எடத்துல கடுமையான பிரேக்காமா. வளைவுல திருப்பினது சரியில்லையாமா. வண்டி என்ன பாடு பட்டிருக்கும்!"

அவ ரசத்தை ஊத்திட்டே சொல்றா, "செவ்வாக்கிழமை நீங்கதானுங்களே வெள்ளகோயில் சந்தைக்குப் போனீங்க? நான் அன்னைக்கு வண்டியே எடுக்கலயே. எனக்குப் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையுந்தான்."

புதன்கிழமை தொண்ணூத்தி மூணு. வெள்ளிக்கிழமை தொண்ணூத்தி அஞ்சு.

சிந்துஜா சிரிச்சா பாருங்க, பொரையேறிப் போச்சு அவளுக்கு. பூங்கொடி சிரிக்கல. தலையக் குனிஞ்சுட்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?"ன்னா. சிரிச்சிருந்தாலாச்சும் தேவலை.

அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, மெசின்ல கோளாறுன்னு. அடுத்த நாளே நம்ம கார் எலக்ட்ரீசியன் பஷீர்கிட்டக் கொண்டு போனேன். நல்ல பையன், நான் என்ன சொன்னாலும் ஒத்துக்குவான். "அண்ணா, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பாக்கலாங்ணா"ன்னு பக்கத்துல ஏறி உக்காந்தான். சென்னிமலை ரோட்டுல கொஞ்ச தூரம் போயித் திருப்பிட்டு வந்தேன். எறங்குனவன் ஒரு சொம்புத் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சான். நல்ல வெயிலு அன்னைக்கு. அப்பறம், "சாக்கெட்டுல லூசு இருக்குதுங்ணா"ன்னு ஒரு டேப்பைச் சுத்திக் குடுத்தான். நான் சொன்னதுதான்! "வா, டீ குடிக்கப் போலாம், ஏறு"ன்னேன். "நீங்க முன்னால போங்கண்ணா, நான் நடந்தே வந்துடறேன்"னுட்டான். அவ்வளவு மரியாதை.

டேப்பு சுத்துனதுக்கப்பறம் முப்பத்தி ஆறு வந்துச்சு.

சரி, மெசினுக்குப் புடிச்சாப்பல ஓட்டித்தான் பாப்போமேன்னு ஒரு நாள் முப்பதுலயே போனேன். எனக்குப் பொறத்தால ஒரு கல்யாண வேனு, ரெண்டு லாரி, ஒரு பஸ்சு, மாட்டுத் தீவன டெம்போ எல்லாம் தேர் இழுக்கறாப்பல வருது. ஒவ்வொருத்தனும் தாண்டறப்ப என்னை எட்டிப் பாத்துட்டுப் போறான். மார்க்கு அறுபதுக்கு வந்துச்சு. ஆனா நான் போறதுக்குள்ள கொப்பரை ஏலம் முடிஞ்சு எல்லாரும் ஊட்டுக்குப் போயிட்டாங்க. அப்புடிப் பொழைக்க முடியுங்களா?

அப்பறம் ஒரு வழி கண்டுபுடிச்சேன். தப்பு வழின்னு சொல்லாதீங்க. போன்ல மார்க்குப் போடற அந்த ஆப்புல ஓட்டறவங்க பேரு குடுக்கலாம். நான் என்ற பேரை மட்டும் குடுத்தேன். பூங்கொடி ஓட்டறப்ப டப்பிய மாட்டிவிட்டுருவேன். நான் ஓட்டறப்பக் கழட்டிச் சட்டைப் பைல போட்டுக்குவேன். மெசினுக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா? வண்டி என்ற பேருல இருக்குது, போனு என்ற பேருல இருக்குது, சம்சாரம் என்ற சம்சாரம். மார்க்கு மட்டும் எப்புடி வேற ஆளுது ஆகும்?

ஒரே மாசத்துல ஏறுச்சு பாருங்க! "வணக்கம் நாச்சிமுத்து. உங்கள் சராசரி எண்பத்தி ஏழு"ன்னு அந்தக் கொரலு சொல்றப்ப கேக்கறதுக்கே நெம்ப நல்லா இருக்குமுங்க. அவளோட பக்கத்துல நானும் உக்காந்து போவேன், மார்க்கு ஏறறதப் பாக்கறதுக்கு. அப்புடி உக்காந்தப்பத்தான் பாத்தேன், அவ எப்பவும் உக்காந்து வர்ற அந்தப் பக்கத்துக் கால்மிதி நடுவுல வட்டமா ஓட்டையாப் போயிருக்குது. நான் ஓட்டற பக்கத்துது புதுசாட்டம் இருக்குது. ஒரே நேரத்துல வாங்குனதுங்க ரெண்டும். கடைக்காரன்கிட்டப் போயி நல்லாச் சத்தம் போட்டேன். மட்டமான சரக்கைக் குடுத்து ஏமாத்திப் போட்டான்.

இதுக்கு நடுவால சிந்துஜாவுக்குச் சம்பந்தம் பேசி வந்துச்சுங்க. மாப்பிள்ளையும் பெங்களூர்லதான் வேலை. ரெண்டு பேருக்கும் ஒருத்தரையொருத்தர் முந்தியே தெரியுமாட்டிருக்குது, எனக்கு யாரும் சொல்லல, ஆனா மாப்பிள்ளை பேரை எடுத்தா அவ செல்போனைக் கவுத்து வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவா. அப்பன்னா அத்தனைகூடவா தெரியாது? மாப்பிள்ளையோட அப்பா சாமியப்பன், தாராபுரம். கவர்மெண்டு பஸ்சுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர்டு ஆனவரு. பேச்சு கம்மி. ஆயுசு பூராவும் டிரைவர்களப் பாத்துப் பாத்துக் குத்தம் எழுதுனவரு. அவரு தம்பி ஒருத்தரு யாரோ ஓட்டுன கார்ல போயித்தான் தவறிட்டாராமா. அதனால வண்டி விசயத்துல நெம்பக் கண்டிசன். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கூட்டு வாசல்ல நின்ன வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. கீறலையெல்லாம் பாக்கறாரு.

உடனே போனை எடுத்து நீட்டிட்டேன். "பாருங்க சம்பந்தி. எண்பத்தி ஏழு. மெசினு போட்ட மார்க்கு. நாச்சிமுத்துன்னு பேரு போட்டிருக்குது பாருங்க."

அவரு கண்ணாடிய மாட்டிட்டு நெம்ப நேரம் பாத்தாரு. மொதத் தடவையா அவரு மொகத்துல சிரிப்பு. "எண்பத்தி ஏழுன்னா சாமானியமில்லீங்க. எங்க டெப்போவுலயே ரெண்டு பேரு தேறுனாப் பெருசு. அப்ப ஒண்ணு பண்ணலாம். ஜாதகத்தை முருகன் காலடியில வெச்சு எடுக்கப் பழனி போறமில்ல, எல்லாரும் உங்க வண்டியிலயே போயிரலாம். நீங்களே ஓட்டுங்க. அந்த மெசினு எப்புடி வேலை செய்யுதுன்னு நானும் பாக்கறேன்."

பூங்கொடி உள்ள காப்பி டம்ளரைக் கீழ போட்ட சத்தம் கேட்டுச்சு.

போனோமுங்க. தாராபுரத்துல அவரையும் அவரு சம்சாரத்தையும் ஏத்திக்கிட்டேன். அவரு முன்னால, பொம்பளைங்க மூணு பேரும் பொறத்தால. டப்பிய அவரு கண்ணு முன்னாலயே சொருகுனேன். பச்சை லைட்டைப் பாத்துத் தலையாட்டுனாரு. அவரு சம்சாரம், "முருகன் பாட்டு ஏதாச்சும் இருந்தாப் போடுங்க"ன்னாங்க. பாட்டெல்லாம் அந்தப் பழைய போன்லதான் இருந்துச்சு. அதை எடுத்து வண்டி ஸ்பீக்கரோட சேத்துவிட்டேன். அதுதாங்க நான் பண்ணுன ஒரே தப்பு. வேற ஒண்ணுமில்லை.

"வணக்கம் நாச்சிமுத்து. பாதுகாப்பான பயணம் அமையட்டும்"னு நாலு ஸ்பீக்கர்லயும் வந்துச்சு. சாமியப்பன், "அடடா, பேரு சொல்லிக் கூப்புடுது!"ங்கறாரு. எனக்குப் பெருமை தாங்கல. அந்தப் பெருமையில அமராவதிப் பாலத்துல கொஞ்சம் வெசையா ஏறிட்டேன்.

பாட்டு நின்னுச்சு. "வேகம் அதிகம்."

மறுபடி பாட்டு. முன்னால ஒரு மொபெட்டுக்காரன், தேங்காய் மூட்டை வெச்சுக்கிட்டு ஆடிட்டே போறான். ஒரு மிதி மிதிச்சேன். பாட்டு நின்னுச்சு. "கடுமையான பிரேக்." அவனைத் தாண்டறதுக்கு ஒடிச்சேன். "திடீர்த் திருப்பம்." எதுக்கால பஸ்சு வந்துச்சு, உள்ள வந்துட்டேன். "கடுமையான பிரேக். திடீர்த் திருப்பம். கடுமையான பிரேக்." பக்தியாப் பாட்டு கேக்க முடியுதுங்களா? நடுநடுவுல இது நொய்நொய்யுங்குது. சாமியப்பன் மேல இருக்கற கைப்புடிய எட்டிப் புடிச்சாரு. அப்பறம் அவரு கைய எடுக்கவேயில்லை. ஒயரமான மனுசன், கைக்கு அது வசதியா இருந்திருக்கும்.

அமத்திப் போடலாம்னு போனுக்குக் கைய நீட்டுனேன். "ஓட்டும்போது தொலைபேசியைத் தொட வேண்டாம், நாச்சிமுத்து."

பொறத்தால சம்பந்தியம்மா பாட்டை விட்டுட்டுத் தனியா, "முருகா, முருகா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நல்ல பக்திமான்.

அலங்கியம் நெருங்கறப்ப அது புதுசா ஒண்ணு சொல்லுச்சு பாருங்க. அதுவரைக்கும் நான் கேட்டதேயில்லை. பாட்டு சுத்தமா நின்னு போச்சு. "கவனிக்கவும். வழக்கமாக ஓட்டும் நாச்சிமுத்து இந்த வாகனத்தை ஓட்டவில்லை என்று தெரிகிறது. அறிமுகமில்லாத ஒருவர் ஓட்டுகிறார். குடும்பத்தினருக்குத் தகவல் அனுப்பப்படுகிறது."

குடும்பத்து நம்பருன்னு நான் அவளுதைத்தான் குடுத்திருந்தேன், பொறத்தால பூங்கொடி போனு டிங்குன்னுச்சு. வண்டி திருட்டுப் போயிருக்கலாமாமா. போலீசுக்குச் சொல்லட்டுமான்னு கேக்குதாமா.

சாமியப்பன் மெதுவா என்ற பக்கம் திரும்புனாரு. "அப்ப இத்தனை நாளா யாருங்க ஓட்டுனது?"ன்னு கேட்டாரு.

"மெசின்ல லூசு. பஷீர் அப்பவே சொன்னான்"னேன்.

"ஒரு டீ குடிக்கலாமுங்களா?"ன்னாரு. நிறுத்துனேன். "கடுமையான பிரேக்"னுச்சு. எறங்குனதும் அவரு நேரா டீ மாஸ்டர்கிட்டப் போயி, "இங்கிருந்து பழனிக்கு அடுத்த பஸ்சு எப்பங்க? திரும்பித் தாராபுரத்துக்கு எப்ப?"ன்னு விசாரிக்கறாரு. ரிடையர்டு ஆனாலும் பழக்கம் போவாது பாருங்க, எங்க போனாலும் பஸ் டைமுதான் கேப்பாரு. நான் அதை ஒரு பேச்சாச் சிந்துஜாகிட்டச் சொன்னேன்.

அவ சிரிக்கலீங்க. வண்டிய ஒட்டி நின்னுட்டு இருந்தா. அவ மொகத்தைப் பாத்தேன். கண்ணு கலங்கிப் போயிருந்துச்சு. அன்னைக்குக் காத்து நெம்ப, ரோட்டுத் தூசிவேற. சத்தமே வராம, "அப்பா, சாவிய அம்மாகிட்டக் குடுங்கப்பா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சின்னப் புள்ளையில இருந்து அவ என்கிட்ட எதையும் அப்புடிக் கேட்டதில்லீங்க. வேணுங்கறதைச் சண்டை போட்டு வாங்குவா. கெஞ்ச மாட்டா.

எனக்கு அந்நேரத்துக்கு முழங்காலும் வலிக்கறாப்பல இருந்துச்சு. சாவியப் பூங்கொடிகிட்டக் குடுத்துட்டேன். "ஏம்புள்ள, சித்த நேரம் நீ ஓட்டு, எனக்குக் காலு இழுத்துப் புடிக்குது"ன்னேன், சாமியப்பனுக்குக் கேக்கறாப்பல. சம்பந்தியம்மா ஓடியாந்து, "ஏனம்மிணி, நீ ஓட்டுவியா? மொதல்லயே சொல்லக் கூடாதா!"ன்னு அவ கையப் புடிச்சுக்கிட்டாங்க.

பூங்கொடி சீட்டை முன்னால தள்ளுனா. கண்ணாடியத் திருப்புனா. சாமியப்பனைப் பாத்து, "பெல்ட்டு போட்டுக்குங்கண்ணா"ன்னா. வண்டி நவுந்துச்சு. ஒரு ரெண்டு மைலு போயிருக்கும். "மீண்டும் வணக்கம், நாச்சிமுத்து"ன்னுச்சு அது.

யாரும் சிரிக்கல. சிந்துஜாகூட. நான் பொறத்தால சம்பந்தியம்மாவுக்கு இந்தப்பக்கம் ஓரத்துல ஒடுங்கி உக்காந்திருந்தேன். அதுவரைக்கும் நான் அவ மார்க்கைத்தானுங்க பாத்திருக்கறேன், அவ ஓட்டறதைப் பாத்ததில்லை. முன்னால ஒரு ஆடு ரோட்டைப் பாத்தாப்பல நின்னா, அது எறங்கறதுக்கு முந்தியே இவ காலை எடுத்துடறா. எதுக்கால வர்றவனுக்கு வழி விட்டுட்டுத் தலையாட்டறா, ஒறம்பறையாட்டம். வாய்க்குள்ளயே பாட்டை முணுமுணுத்துட்டு வர்றா. கல்யாணமான புதுசுல சமைக்கறப்ப அப்புடிப் பாடுவா. அப்பறம் நான் கேட்டதா ஞாபகமில்லை. கார்ல என்கூட வர்றப்ப ஒரு நாளும் பாடுனதில்லை.

சாமியப்பன் கைப்புடியிலிருந்து கைய எடுத்து மடியில வெச்சாரு. கொஞ்ச நேரத்துல தூங்கியே போயிட்டாரு. வயசானவருங்க, ரிடையர்டு ஆயிட்டா பகல்ல கண்ணு சொக்கும்.

ஜாதகத்தை வெச்சு எடுத்தோம். தரிசனம் நல்லா ஆச்சு. திரும்பறப்ப யாரும் என்னை ஓட்டச் சொல்லல, எனக்கு முழங்காலு வலின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. தாராபுரத்துல எறங்கறப்ப சாமியப்பன் பூங்கொடியப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாரு. அப்பறம் என்கிட்ட வந்து, "நாச்சிமுத்து, நான் மனுசங்களை அவங்க வண்டி ஓட்டறதுல பாத்துருவனுங்க. உங்கூட்டுல ஓட்டறவங்களை நம்பி நாங்க பொண்ணு எடுத்துக்கலாம்"னாரு. ஓட்டறவங்கன்னுதான் சொன்னாரு, பன்மையில. என்னையும் சேத்துத்தானுங்களே?

ஊட்டுக்கு வந்து, வண்டிய நிறுத்திட்டு, அவ சாவியக் கொண்டாந்து ஆணில மாட்டறப்பக் கேட்டேன். சிந்துஜா உள்ள போயிட்டா. நாங்க ரெண்டு பேருந்தான். "ஏம்புள்ள, இத்தனை வருசமா என்ற பக்கத்துல உக்காந்து வந்திருக்கறயே. பயமா இருந்துச்சா உனக்கு?"

முந்தானையில மொகத்தைத் தொடைச்சுட்டு, "பழகிப் போச்சுங்க"ன்னா.

பயமில்லைன்னுதானுங்க அர்த்தம்? நானும் அப்புடித்தான் எடுத்துக்கிட்டேன். ஆனாப் பாருங்க, அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. எந்திரிச்சு வந்து தண்ணி குடிச்சேன், மறுபடியும் படுத்தேன். பழகிப் போச்சுன்னா என்னன்னு யோசிச்சுட்டே கெடந்தேன். சாப்பாட்டுல உப்பு எச்சாப் போனா நான் தட்டத்தைத் தள்ளிப்போட்டு எந்திரிப்பேன். இவ முப்பது வருசமா ஒண்ணுமே சொன்னதில்லை. சொல்லியிருந்தாக் கேட்டிருப்பேனான்னு கேக்கறீங்களா? நீங்க வேற. நல்ல கேள்வி கேக்கறீங்க.

இப்ப நான் ஓட்டறப்பவும் டப்பியக் கழட்டறதில்லீங்க. அவ பேரையும் ஆப்புல போட்டாச்சு. அவளுக்குத் தொண்ணூத்தி அஞ்சு. எனக்குச் சொல்றதுக்கில்லை, ஏறிட்டு வருது. சாயங்காலம் ஆச்சுன்னா களத்தைச் சுத்தி ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போவோம். நான் ஓட்டுவேன், அவ பக்கத்துல உக்காந்து, "முன்னால போறவன் என்ன பண்ணப் போறான்னு பாருங்க, அப்பறம் காலை வெய்யுங்க"ம்பா. களத்துல முன்னால யாரு போறாங்க, நாயிதான் போவுது. இருந்தாலும் பாக்கறேன்.

இன்னைக்கு நிச்சயதார்த்தத்துக்குச் சீலை எடுக்கறமுங்க, தாராபுரத்துல. காலையிலயே பூங்கொடியும் சிந்துஜாவும் காரை எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்குக் களத்துல லோடு ஏத்தற வேலை இருந்துச்சு, அதை முடிச்சுட்டுப் பஸ்ல வர்றேன்னு நானே சொல்லிட்டேன். இருங்க, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. உங்க பையைப் புடிங்க. மெல்ல, மெல்ல, இவன் நிறுத்தற நிறுத்துக்கு மூஞ்சி பேந்துரும்.

நீங்க எங்க போகோணும்? பெரிய கடைவீதிக்கா? இந்த வெயில்ல நடந்தா? அட, அதோ பாருங்க, வேப்பமரத்துக்கு அடியில வெள்ளை வண்டி. கைய ஆட்டறாளே, அவதான் பூங்கொடி. வாங்க, உங்களையும் எறக்கி விட்டுட்டுப் போறோம். அட, கூச்சப்படாதீங்க, எடமிருக்குது.

பயப்படாதீங்க. அவதான் ஓட்டறா.